சோளக் கதிரில் புள்ளி கண்ட அம்மையார்

சோளக் கதிரை அவித்துத் தின்பதோடு நாம் விட்டுவிடுகிறோம். அதையே வாழ்நாளெல்லாம் உற்றுப் பார்த்திருந்த ஓர் அம்மையாரின் வரலாறு இது.

பார்பரா மக்ளின்டாக் 1902 ஜூன் 16-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். மேற்படிப்புக்கு அனுப்பினால் மாப்பிள்ளை கிடைக்க மாட்டான் என்று தாயார் தடுத்தார். (நம் தோட்டத்தில் மட்டும்தான் இந்தப் பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள்!) தகப்பனார் சம்மதித்ததால் 1919-இல் கார்னெல் பல்கலைக்கழகம் சென்றார், 1927-இல் டாக்டர் பட்டம் பெற்றார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சோளத்தின் மீது அவருக்கு மட்டுமா ஆசை? 1930-களில் கோயம்புத்தூரில் நம் ஜானகி அம்மாள் கரும்பையும் சோளத்தையும் கலந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

1941-இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்திற்கு வந்தார் பார்பரா அம்மையார். அங்கேதான் அவரை ஒரு புதிர் பிடித்துக்கொண்டது. வெளிர்நிற மணியில் ஊதாப் புள்ளிகள்! மரபணுக்கள் மாலையில் கோத்த மணிபோல் அசையாதிருப்பவை என்று எல்லோரும் நம்பிய காலம். பிறகு புள்ளி எப்படி வந்தது?

பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாகக் கடைகள். ஒரு தள்ளுவண்டி வந்து நகைக்கடை வாசலை அடைத்து நின்றால் கடையில் வியாபாரம் நடக்குமா? வண்டி நகர்ந்தால் வியாபாரம் மறுபடி தொடங்கும். நிறத்துக்கான மரபணுவின் நடுவே ஒரு டி.என்.ஏ. துண்டு புகுந்து அடைத்தால் மணி வெளுத்துவிடும். அது வெளியேறிய இடத்தில் ஊதா திரும்பும். முன்னமே வெளியேறினால் பெரும்புள்ளி, தாமதித்தால் சிறுபுள்ளி. வண்டியைத் தள்ள ஆள் வேண்டுமே! அதற்கு இன்னொரு துண்டு இருப்பதையும் கண்டுபிடித்தார்.

1951-இல் அறிஞர் சபையில் இதை விளக்கினார். சபை கம்மென்று இருந்தது. இத்தனைக்கும் அவர் பேர் தெரியாதவர் அல்லர். 1945-இல் மரபியல் சங்கத்துக்கே தலைவர். யாரும் ஏற்காததால் சில ஆண்டுகளில் இதைப் பற்றி எழுதுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார். ஆனால் வேலையை நிறுத்தவில்லை. எனக்கு அவரிடம் பெரிதாகப் படுவது இதுதான், பரிசு அல்ல.

பின்னாளில் பாக்டீரியாக்களிலும் தாவும் துண்டுகள் அகப்பட்டன. அப்புறந்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1983-இல், 81-ஆம் வயதில், மருத்துவ நோபல் பரிசு அவர் ஒருவருக்கே கிடைத்தது. வீட்டில் டெலிபோன் இல்லாததால் சேதியை வானொலியில் கேட்டாராம்! 1992 செப்டம்பர் 2-இல் காலமானார்.

அவர் பார்க்காமல் போனது ஒன்று உண்டு. பாக்டீரியாவில் சில தாவும் துண்டுகள், ஆர்.என்.ஏ. என்னும் முகவரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சரியான வாசலைத் தேடிப்போய்ப் புகுகின்றன என்று 2019-இல் காட்டினார்கள். வேறு சில துண்டுகளோடு வரும் நொதியும் அதே மாதிரிச் சீட்டைப் பார்த்துத்தான் டி.என்.ஏ.வை வெட்டுகிறது, இது 2021-இல் தெரிந்தது. நம் உடம்பின் டி.என்.ஏ.விலும் ஏறத்தாழப் பாதி இப்படித் தாவி வந்த துண்டுகளின் மிச்சந்தான். அவற்றில் பெரும்பாலானவை இப்போது நகருவதில்லை.