வினாவும் துணைவினாவும்: ரசிகமணி டி.கே.சி.யின் பொதுவாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) தமிழுலகில் கம்பனைச் சுவைத்துக் காட்டியவராகவே நிலைபெற்றுள்ளார். அவர் 1927 முதல் 1930 வரை சென்னை மாகாணச் சட்டசபையிலும், 1930 முதல் 1935 வரை இந்து சமய அறநிலைய வாரியத்திலும் பணியாற்றிய காலம் பெரும்பாலும் ஓரிரு தொடர்களில் கூறி முடிக்கப்படுகிறது. அக்காலத்தை இரட்டையாட்சி முறையில் நிலவிய வினா உரிமையின் பின்னணியில் வைத்து நோக்குகிறது இக்கட்டுரை. வினவும் அவையிலிருந்து வினவப்படும் வாரியத்திற்கும், அங்கிருந்து எந்த அவைக்கும் விடைகூற வேண்டாத குற்றால வாழ்வுக்கும் அவர் பெயர்ந்த வரிசை, அவருடைய கம்பராமாயணப் பதிப்பின் வலிமையையும் குறையையும் விளங்கிக்கொள்ள உதவுகிறது என்பது இதன் கருதுகோள்.

முன்னுரை

தென்காசி வட்டாரத்தில் வேரூன்றிய குடும்பம் டி.கே.சி.யினுடையது. சட்டம் பயின்ற அவர் வழக்கறிஞர் தொழிலில் மனம் ஊன்றவில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த அவரது இல்லத்தில் அன்பர்கள் கூடிக் கவிதை பேசிய வட்டத்தொட்டி, தமிழ் இலக்கிய வரலாற்றில் தனி இயலாகவே இடம்பெற்றுவிட்டது. பிற்காலத்தில் குற்றாலத்தில் தங்கிய அவரை நாடி ராஜாஜி, கல்கி, கவிமணி முதலியோர் வந்தனர். இவ்விரு காட்சிகளுக்கும் இடையே அமைந்த அரசுசார் பணிக்காலம் மங்கலாகவே உள்ளது. இலக்கியம் வேறு, ஆட்சி வேறு என்ற பிரிப்பே இதற்குக் காரணம் எனலாம்.

இவ்விடத்தில் ஒரு சொல்லாட்சியைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. டி.கே.சி. மேலவை உறுப்பினராக இருந்தார் என எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி சென்னை மாகாணம் 1937இல்தான் ஈரவை பெற்றது. அதற்கு முன் கவுன்சில் எனப்பட்டது மாகாணத்தின் ஒரே சட்டசபையாகும். வரவுசெலவுத் திட்டத்தை விவாதித்ததும், மானியக் கோரிக்கைகளின்மீது வாக்களித்ததும், அமைச்சர்களை வினவியதும் அந்த அவையே. எனவே டி.கே.சி. அமர்ந்திருந்தது அறிவுரை கூறி அமையும் மூத்தோர் மன்றத்தில் அன்று. அமைச்சர்கள் நாள்தோறும் விடைகூற நின்ற அவையில்.

வினா உரிமை வளர்ந்த முறை

ஆட்சியாளரை வினவும் உரிமை இந்தியச் சட்டசபைகளுக்குப் படிப்படியாகவே கிடைத்தது. 1861ஆம் ஆண்டுச் சட்டம் அவைகளைச் சட்டமியற்றும் பணியோடு கட்டி நிறுத்தியது. 1892ஆம் ஆண்டுச் சட்டம் வினாக் கேட்க இடமளித்தது. ஆயினும் கிடைத்த விடையைப் பற்றி மேலும் வினவ வழியில்லை. 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின், முதல் வினாவைத் தொடுத்தவர் மட்டும் துணைவினாக் கேட்கலாம் என்ற நிலை உருவாயிற்று. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அவைகளில் எந்த உறுப்பினரும் துணைவினா எழுப்பலாம் என்றாயிற்று.

இவற்றுள் இறுதியாக வந்த மாற்றமே பெரிது. முன்னறிவிப்புக் கொடுத்த வினாவுக்குத் துறை அலுவலர்கள் விடை தயாரித்து அளித்துவிடுவர். அமைச்சர் அதனைப் படித்து அமரலாம். துணைவினாவுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. எழுதிய விடையில் சொல்லாமல் விடப்பட்டது எது என்பதை அவையில் எவரும் எழுந்து கேட்கலாம். துறையை அமைச்சர் உண்மையில் அறிந்திருக்கிறாரா என்பது அந்நேரத்தில் வெளிப்படும். வினா ஒருவருடைய உடைமையாக இருந்த நிலை மாறி அவையின் உடைமையானது அப்போதுதான்.

வினாவின் மொழிக்கும் விதிகள் இருந்தன. அதில் வாதம், ஊகம், எள்ளல், பழிச்சொல், வேண்டாத அடைமொழி ஆகியன இடம்பெறலாகாது. கருத்துரை கோருவதும், நிகழாத ஒன்றைக் கற்பித்து வினவுவதும் விலக்கப்பட்டன. அவையின் அலுவல் மொழி ஆங்கிலம். ஆங்கிலத்தில் பயிற்சியில்லாத உறுப்பினருக்கே தாய்மொழியில் பேச இசைவு தரப்பட்டது. தமிழே சிந்தனைக்குரிய மொழி என்ற கொள்கையைப் பின்னாளில் ஓயாது வலியுறுத்திய டி.கே.சி., அவ்வேற்றுமொழி அவையில் 1927 முதல் 1930 வரை உறுப்பினராக இருந்தார் என்பது கருதத்தக்கது.

தென்காசி வட்டாரமும் பிளவுபட்ட ஆட்சியும்

1919ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண ஆட்சியை இரண்டாகப் பகுத்தது. கல்வி, பொதுச் சுகாதாரம், தலப்பொறுப்பாட்சி, அறநிலையங்கள் முதலிய மாற்றப்பட்ட துறைகள் அமைச்சர்களிடம் இருந்தன. நிதி, நிலவரி, காவல், நீதி, பாசனம் முதலிய ஒதுக்கப்பட்ட துறைகளை ஆளுநரின் நிர்வாகக் குழுவினர் நடத்தினர். இரு சாராரும் அவையில் விடைகூறினர். ஆயின் அவையின் நம்பிக்கையை இழந்தால் பதவி விலக வேண்டியவர் அமைச்சரே; நிர்வாகக் குழு உறுப்பினரை அவை அசைக்க இயலாது.

இப்பிளவின் விளைவைத் தென்காசி வட்டாரத்தைக் கொண்டே விளக்கலாம். குற்றாலநாதர் கோயிலின் நிருவாகம் பற்றிய வினா அமைச்சருக்கு உரியது. தென்காசியின் பள்ளிக்கூடம், மருத்துவமனை, மாவட்டப் போர்டின் சாலை ஆகியனவும் அவ்வாறே. அருவி இறங்கிவரும் மலைக்காடோ ஒதுக்கப்பட்ட துறை. அவ்வருவிநீர் சிற்றாறாகி வயல்களுக்குப் பாயும் கால்வாயும், அவ்வயலுக்கு விதிக்கப்பட்ட தீர்வையும் ஒதுக்கப்பட்டவையே. தென்காசி வழியாகச் செல்லும் இருப்புப்பாதை மைய அரசைச் சார்ந்ததாதலின், அது பற்றிய குறையைத் தில்லிச் சட்டசபையில்தான் எழுப்ப வேண்டும். குற்றாலத்திற்கு அண்மையிலேயே உள்ள செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1இல்தான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆகவே அங்கு நிகழ்வது எதுவும் சென்னை அவையின் வினாவுக்கு எட்டாது.

ஒரே மலையடிவாரத்து மக்களின் குறைகள் இவ்வாறு நான்கு திசைகளில் சிதறின. கோயிலைப் பற்றிக் கேட்டால் பொறுப்புள்ள விடை கிடைக்க வழியுண்டு. தண்ணீரைப் பற்றிக் கேட்டால் விடை கிடைக்கும், விடை கூறியவர்மீது அவைக்குப் பிடி இராது. வினா உரிமையின் எல்லையை இதனினும் தெளிவாகக் காட்டும் நிலப்பகுதி மாகாணத்தில் அரிது.

டி.கே.சி. அமர்ந்த அவை

1926ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலில் சுயராஜ்யக் கட்சி தனிப்பெருங் கட்சியாக வந்தது. ஆயினும் அமைச்சரவை அமைக்க மறுத்தது. ப. சுப்பராயன் எக்கட்சியும் சாராதவராக அமைச்சரவை அமைத்தார். ஏ. ரங்கநாத முதலியார், ஆர்.என். ஆரோக்கியசாமி முதலியார் ஆகிய இருவரும் அவருடன் பொறுப்பேற்றனர். உறுதியான பெரும்பான்மை இல்லாத அமைச்சரவையாதலால் அவை எழுப்பும் வினாக்களுக்குக் கூடுதல் எடை இருந்தது. சைமன் குழுவை ஒட்டி எழுந்த கருத்துவேறுபாட்டால் 1928இல் அவ்விரு அமைச்சர்களும் விலக, எஸ். முத்தையா முதலியாரும் எம்.ஆர். சேதுரத்தினம் ஐயரும் அவ்விடங்களுக்கு வந்தனர்.

அந்த அவையில் பல்கலைக்கழகத் தொகுதியின் சார்பில் அமர்ந்திருந்தவர் எஸ். சத்தியமூர்த்தி. வினாவை அரசியல் படைக்கலமாக்கிய அவரது திறம் பின்னர் தில்லி மத்தியச் சட்டசபையில் நாடறியப் புகழ்பெற்றது. அங்கேயே துணைத்தலைவராக விளங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறைக்கு எதிராக அவர் எடுத்த முயற்சியின் பயனாக, 1929இல் அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. கோயிற்பணிக்கு ஈடாகத் தேவதாசியர் அனுபவித்த மானிய நிலங்கள் அப்பணியிலிருந்து விடுவிக்கப்பட வழி பிறந்தது. கோயிற் சொத்து என்பது பக்தியோடு மட்டும் தொடர்புடைய பொருளன்று, மனித உரிமையோடும் தொடர்புடையது என்பதை அவை வெளிப்படையாக விவாதித்த ஆண்டுகள் அவை. டி.கே.சி. இவ்விவாதங்கள் நிகழ்ந்த காலத்து உறுப்பினர். அடுத்து அவர் ஏற்ற பொறுப்பும் கோயில்களைச் சார்ந்ததே.

வினவப்படும் பக்கம்

கோயில்களின் வருவாயும் நிருவாகமும் பொதுக் கண்காணிப்புக்கு உட்பட வேண்டும் என்ற நோக்கில் பானகல் அரசர் அமைச்சரவை கொண்டுவந்த சட்டம் 1925இல் நடைமுறைக்கு வந்தது. அதன் செல்லுபடித்தன்மை ஐயத்திற்குள்ளானதால், 1927ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டமாக அது மீண்டும் இயற்றப்பட்டது. இதன்படி அமைந்த வாரியத்தில் ஒரு தலைவரும் ஆணையர்களும் இருந்தனர். ஆணையர்களுள் ஒருவராக 1930 முதல் 1935 வரை டி.கே.சி. பணியாற்றினார்.

அறநிலையம் மாற்றப்பட்ட துறை. வாரியத்தின் செயல்கள் குறித்து உறுப்பினர்கள் அவையில் வினா எழுப்ப, துறை அமைச்சர் விடைகூறுவார். அவ்விடைக்கு வேண்டிய செய்திகளைத் தர வேண்டியது வாரியம். கணக்கு ஒப்படைக்காத தர்மகர்த்தர், பரம்பரை உரிமை கோருவோர், வழக்குமன்றத்தை நாடும் மடங்கள் என வாரியம் எதிர்கொண்ட சிக்கல்கள் பல. நேற்றுவரை வினவுவோர் வரிசையில் இருந்தவர், இன்று வினவப்படும் அமைப்பின் உறுப்பினரானார். வினாவின் இரு முனைகளையும் பட்டறிந்த தமிழ் இலக்கியவாணர் அத்தலைமுறையில் மிகச் சிலரே.

குற்றாலம்: அவையில்லாத வினா

பதவிக்காலத்திற்குப் பின் டி.கே.சி.யின் வாழ்வு குற்றாலத்தைச் சுற்றி அமைந்தது. ஒவ்வொரு பாடலையும் நிறுத்தி வைத்து வினவுவது அவரது படிப்புமுறை. இச்சொல் இங்கு ஏன் வந்தது, இவ்வடியின் தாளம் உணர்ச்சியைத் தாங்குகிறதா, இது கம்பன் வாக்காக இருக்கக்கூடுமா என அவர் ஆராய்ந்தார். அலங்காரமும் ஊகமும் நீக்கப்பட்ட சொல்லையே உயர்ந்ததெனக் கொண்ட அவரது அளவுகோல், அவைவினாவுக்கு விதிக்கப்பட்ட மொழிக்கட்டுப்பாட்டை நினைவூட்டுகிறது. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது எனக் கூறவியலாது. இரண்டையும் ஒருவரே பழகினார் என்பது மட்டும் உறுதி.

இந்நெறியின் விளைவாகக் கம்பர் தரும் ராமாயணம் என்ற பதிப்பில் பெருந்தொகையான பாடல்களை அவர் விலக்கினார்; சில பாடல்களின் சொற்களையும் மாற்றினார். சுவடி ஒப்பீட்டை அடிப்படையாகக் கொண்ட அறிஞர்கள் இதனை ஏற்கவில்லை. இவ்வேற்பின்மை பெரும்பாலும் ரசனைக்கும் ஆராய்ச்சிக்கும் இடையிலான பூசலாகவே பேசப்படுகிறது. வினா உரிமையின் வரலாற்றை அருகில் வைத்துப் பார்த்தால் பூசலின் மையம் வேறாகத் தெரிகிறது. டி.கே.சி. எழுப்பிய வினாக்கள் பொருந்தாதவை அல்ல. இடைச்செருகல் உண்டு என்பது அவரை மறுத்தோரும் ஒப்பிய செய்தி. குறை விடையளிக்கும் முறையில் இருந்தது. வினவியவரும் விடைகூறியவரும் தீர்ப்பளித்தவரும் ஒருவரே. ஒரு பாடல் ஏன் விலக்கப்பட்டது என அடுத்தவர் துணைவினா எழுப்ப, பதிப்பில் சான்று காட்டப்படவில்லை.

பாடவேறுபாடுகளோடு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பதிப்பு இதற்கு மாறான வழியில் சென்றது. ஒரு பாடத்தை ஏற்றதோடு, ஏற்காத பாடங்களையும் அடியில் தந்தது. படிப்பவர் பதிப்பாசிரியரை வினவுவதற்குரிய கருவி அதுவே. எந்த உறுப்பினரும் தொடர்ந்து கேட்கலாம் என 1919க்குப் பின் வந்த விதி அவைக்குச் செய்ததை, பாடவேறுபாட்டுக் குறிப்பு நூலுக்குச் செய்கிறது.

இதற்கு ஈடாக டி.கே.சி.யிடம் இருந்தது வட்டத்தொட்டி மரபு. அங்கு எதிரில் அமர்ந்தவர் கேட்கலாம். விடை போதாவிட்டால் மீண்டும் கேட்கலாம். அவருடைய விளக்கங்கள் நேரில் கேட்டோரைப் பிணித்ததற்கும், அச்சில் படித்தோரிடம் ஐயத்தை எழுப்பியதற்கும் இவ்வேறுபாடு ஒரு காரணம் ஆகலாம். 1954 பிப்ரவரி 16இல் அவர் மறைந்தபோது துணைவினாவுக்கு விடைகூறும் குரலும் உடன் மறைந்தது. பதிப்பு மட்டும் விடையாக எஞ்சியது.

நிறைவுரை

டி.கே.சி.யின் வாழ்வை அவை, வாரியம், குற்றாலம் என்ற மூன்று நிலைகளாகக் கொண்டு நோக்கும்போது, பதவிக்காலம் இலக்கிய வாழ்வின் இடைவெளியாகத் தோன்றவில்லை. இரட்டையாட்சி அவையில் வினா இருந்தது. விடைகூறுவோருள் ஒரு பாதியினர்மீது அவைக்கு அதிகாரம் இல்லை. வாரியத்தில் விடைகூறும் கடமை இருந்தது. குற்றாலத்தில் வினாவின் கூர்மை உச்சம் பெற்றது; விடையைச் சோதிக்கும் முறை தளர்ந்தது. அமைச்சராயினும் பதிப்பாசிரியராயினும், ஒருவருடைய விடை பொதுவுடைமையாவது அதன்மேல் மற்றொருவர் வினவ இடமிருக்கும்போதுதான். அவ்விடத்தைச் சட்டசபை விதி எழுதி வைத்தது. ரசிகமணியின் பதிப்பு அதனை எழுதி வைக்கவில்லை. அவரது சுவைநுட்பத்தைக் குறைத்துக் கூறாமலே இக்குறையை ஏற்றுக்கொள்வது, அவர் கம்பனிடம் காட்டிய நேர்மையை அவரிடமே காட்டுவதாகும்.