புதுமைப்பித்தன்

புதுமைப்பித்தன் (ஏப்ரல் 25, 1906 - ஜூன் 30, 1948) என்ற புனைபெயரில் எழுதிய சொ. விருத்தாசலம், நவீனத் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவர். நகரத்து ஏழைகளின் வாழ்வை இரக்கம் வேண்டாமலும் பூச்சு இல்லாமலும் எழுதியவர்.

வாழ்க்கை

கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை வருவாய்த் துறையில் பணியாற்றியதால், இளமைக் கல்வி செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என ஊர் மாறிக்கொண்டே இருந்தது. தாயைச் சிறுவயதிலேயே இழந்தார். 1918 இல் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கு இந்துக் கல்லூரியில் 1931 இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவை மணந்தார்.

ஊழியன், தினமணி, தினசரி ஆகிய இதழ்களில் பணிபுரிந்தார் (இவற்றுள் ஊழியன் காரைக்குடியில் தொடங்கிய இதழ்). வருமானம் எப்போதும் போதவில்லை. மனைவியைப் பிரிந்து வாழ்ந்த காலமே மிகுதி. அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாக வெளிவந்தன.

நகரமும் கதைகளும்

1934 இல் மணிக்கொடி இதழில் எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு வெளியான "பொன்னகரம்" சில பக்கங்களே கொண்டது. ஆலையில் கூலி வேலை செய்யும் அம்மாளு, குதிரை வண்டி ஓட்டும் கணவன் முருகேசன். வண்டி விபத்தில் அவன் அடிபட்டுக் கிடக்க, கஞ்சிக்குப் பணமில்லாத அவள் முக்கால் ரூபாய்க்காக இருட்டுச் சந்துக்குள் செல்கிறாள். கற்பு பற்றிப் பேசுவோரை நோக்கிய கடைசி வரியே கதையை இன்றும் சர்ச்சைக்குரியதாக வைத்திருக்கிறது. 2014 இல் இக்கதையும், இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பற்றிய "துன்பக்கேணி"யும் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து நீக்கப்பட்டன.

சீன எழுத்தாளர் லாவோ ஷே, பீகிங் நகர ரிக்‌ஷாக்காரன் ஒருவனின் வீழ்ச்சியைப் பெரும் புதினமாக 1936-37 இல் தொடராக எழுதினார். இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. எனினும் வண்டி இழுத்தும் ஓட்டியும் பிழைப்பவனை ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு மொழிகளும் கவனித்திருப்பது குறிப்பிடத்தக்கது. லாவோ ஷேயின் நாயகன் சொந்த வண்டிக்காகக் கனவு காண்கிறான். அம்மாளுவுக்குத் தேவை அன்றைய கஞ்சி மட்டுமே.

"மகாமசானம்" கதையில் மவுண்ட் ரோடு நடைபாதையில் பிச்சைக்காரர் ஒருவர் இறந்துகொண்டிருக்க, ஊர் தன் போக்கில் கடந்து செல்கிறது. சிறு குழந்தை ஒன்று மட்டும் நின்று பார்க்கிறது. 1943 இல் வெளியான "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" கதையில் கடவுளே பிராட்வே முனைக்கு வந்து காப்பி குடிக்கிறார். புகழ் பெற்றது பின்னதே ஆயினும், முன்னதன் அடக்கம் வேறு எங்கும் எளிதில் காணக் கிடைக்காது.

இறுதிக் காலம்

திரைப்படத்துறையில் நுழைந்து, தாயின் பெயரால் பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அது எடுக்க முயன்ற படம் வெளிவரவில்லை. ராஜமுக்தி படத்திற்காகப் புனேயில் தங்கியிருந்தபோது காசநோய் முற்றியது. திருவனந்தபுரத்தில் 42 ஆம் வயதில் காலமானார். ராஜமுக்தி அவர் இறந்த பின்னரே, 1948 அக்டோபரில் திரைக்கு வந்தது. 2002 இல் தமிழக அரசு அவரது நூல்களை நாட்டுடைமையாக்கியது.