மரத்தடியில் மருத்துவம் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார்

இராணிப்பேட்டையில் 1870-ஆம் ஆண்டு அமெரிக்க மறைத்தொண்டர் குடும்பத்தில் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். இளமையில் அவர் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பேறுகாலத் துன்பத்தால் மாண்டனர். அம்மையாரின் தந்தையார் மருத்துவரே; எனினும் ஆண் மருத்துவர் அணுகலாகாது என்று அவ்வீட்டார் மறுத்துவிட்டனர். உயிரினும் வழக்கமே பெரிதெனக் கருதிய அக்கொடுமைதான் அவரை மருத்துவம் பயிலத் தூண்டியது.

1899-இல் அமெரிக்காவில் பட்டம் பெற்ற அம்மையார், 1900-இல் வேலூர் வந்து, 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைத் திறந்தார். ஆயினும் நகரத்திற்கு வர இயலாத நோயாளிகள் சிற்றூர்களில் வாடினர். எனவே குடியாத்தம் சாலையில் முதலில் மாட்டுவண்டியிலும், 1909 முதல் மோட்டார் வண்டியிலும் மருந்துகளுடன் சென்றார். மரத்தடியே மருத்துவமனை ஆயிற்று.

ஒருவர் கைகள் எத்தனை ஊர்களைத் தாங்கும்? இதனை உணர்ந்த அம்மையார், 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918-இல் 17 மாணவியருடன் மகளிர் மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். பெண்களுக்கு இப்படிப்பு ஏறாது என்று எள்ளியோர் நாணுமாறு, முதல் தேர்வு எழுதிய மாணவியர் அனைவரும் வென்றனர். 1942-இல் அப்பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. 1960-இல் அம்மையார் மறைந்தார், பணி நிற்கவில்லை.

இளைஞர்களே! செவிலியராகவும் ஆசிரியராகவும் மருத்துவராகவும் உயரும் நாம் நகரத்திலேயே தங்கிவிடின், நம் தெருவின் நோயாளி எவரை நாடுவார்? கற்றதை நம் தெருவுக்குக் கொண்டு செல்வதும், நமக்குப் பின் வருவோர் சிலரையேனும் உருவாக்குவதும் நம் கடனன்றோ!