கைரோபிராக்டிக் கலாசாலையின் ஸ்தாபகர் டேனியல் டேவிட் பால்மர்

கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறும் மாணவர் ஒவ்வொருவர் முன்னும் ஆண்டுதோறும் வந்து நிற்கும் வினா ஒன்றுண்டு. இனி எக்கலாசாலையிற் சேர்ந்து எத்தொழிலைக் கற்பது என்பதே அவ்வினா. தந்தையார் விருப்பமும், நண்பர் சொல்லும், கட்டணத்தின் அளவும், கட்டடத்தின் பொலிவும் அதற்கு விடை கூற முன்வருகின்றன. ஆயினும் அக்கலாசாலை எவ்வாறு தோன்றிற்று, அதனை நிறுவியவர் சொன்னவற்றைப் பின்வந்தோர் ஆராய்ந்து பார்த்தனரா, அன்றி ஆராயாது அப்படியே கொண்டனரா என்று கேட்போர் மிகச் சிலரே. முதலிற் கேட்கத்தக்க கேள்வி அதுவே என்பது நம் கருத்து. இதனை விளக்கும் பொருட்டு, மருத்துவக் கல்லூரி எதிலும் பயிலாது, தாமே ஒரு சிகிச்சை முறையையும் அதனைக் கற்பிக்கும் கலாசாலையையும் அமெரிக்க தேசத்தில் தோற்றுவித்த டேனியல் டேவிட் பால்மர் என்பாரது வாழ்க்கையை இங்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர் தோற்றுவித்த முறை கைரோபிராக்டிக் எனப் பெயர் பெறும். முதுகெலும்பின் கணுக்களைக் கையால் அழுத்தியும் தள்ளியும் நேர்ப்படுத்துவது அம்முறையின் சாரம்.

பால்மர் 1845-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7-ஆம் நாள் கனடா தேசத்து ஒண்டாரியோ மாகாணத்திற் பிறந்தார். குடும்பம் வறுமையுற, பெற்றோர் ஐக்கிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். சிறுவரான டேனியலும் அவர் தம்பியும் கனடாவிலேயே தங்கி உழைத்துப் பிழைக்க நேர்ந்தது. 1865-ஆம் ஆண்டில் உடன்பிறந்தார் இருவரும் எல்லை கடந்து ஐக்கிய நாடுகளை அடைந்தனர். அங்கே டேனியல் கிராமப் பள்ளிகளில் உபாத்தியாயராய் அமர்ந்தார். பின்னர் இலினாய் மாகாணத்தில் நிலம் வாங்கித் தேனீ வளர்த்தார், பழச்செடிகள் பயிரிட்டார். அதன்பின் ஐயோவா மாகாணத்தில் மளிகைக் கடை வைத்தார். பொன்மீன் வளர்த்தும் விற்றார். ஒரு தொழிலில் நிலைகொள்ளாத இம்மனிதர் யாண்டும் விடாது செய்துவந்த செயல் ஒன்றே. கைக்கெட்டிய நூல்களையெல்லாம் தாமே படித்துத் தாமே முடிவு காண்பது அது. அவருடைய வலிமையும் அதுவே, குறையும் அதுவே.

அக்காலத்து அமெரிக்காவில் வைத்தியம் இருந்த நிலையையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். பட்டம் பெற்ற வைத்தியருள்ளும் பலர் கொடிய மருந்துகளைப் பெருமளவிற் கொடுத்தனர். ஊதியத்திற்காகவே நடத்தப்பட்ட மருத்துவப் பள்ளிகள் பல இருந்தன. 1910-ஆம் ஆண்டில் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பார் ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கை, அவற்றுட் பலவற்றில் தக்க சோதனைச்சாலையும் இல்லை, மாணவர் நோயாளரை அணுகிக் கற்கும் வசதியும் இல்லை என்பதனை உலகறியச் செய்தது. இத்தகைய நிலையில் மருந்தின்றி நோய் தீர்ப்பதாகக் கூறியோரை மக்கள் நாடிச் சென்றது வியப்பன்று. பால்மரும் அத்தகையோருள் ஒருவரானார். கையை உடல்மீது வைத்துக் காந்த சக்தியால் நோயை நீக்குவதாகக் கூறும் முறையை 1886-ஆம் ஆண்டளவில் மேற்கொண்டு, சிறிது காலத்துள் மிசிசிப்பி நதிக்கரையிலுள்ள டேவன்போர்ட் நகரில் மாடிக்கட்டடம் ஒன்றில் இடம் பிடித்து அமர்ந்தார். நோயாளர் பலர் வந்தனர், பொருளும் சேர்ந்தது.

அக்கட்டடத்திலேயே துப்புரவுப் பணி செய்துவந்தவர் ஹார்வி லில்லர்டு என்னும் நீக்ரோ இனத்தவர். பதினேழு ஆண்டுகளாக அவருக்குக் காது சரிவரக் கேளாது. குனிந்து வேலை செய்கையில் முதுகில் ஏதோ நெகிழ்ந்ததாக உணர்ந்தது முதல் செவிப்புலன் குன்றிற்று என்று அவர் கூற, பால்மர் அவர் முதுகைத் தடவிப் பார்த்து, கணு ஒன்று இடம் பெயர்ந்திருப்பதாகக் கருதி, 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18-ஆம் நாள் அதனைக் கையால் தள்ளினார் என்றும், அதன்பின் லில்லர்டுக்குக் காது கேட்டது என்றும் கூறுவர். கைரோபிராக்டிக் பிறந்த நாளாக அந்நாளையே அம்முறையினர் கொண்டாடி வருகின்றனர். லில்லர்டின் மகள் பிற்காலத்திற் கூறிய வரலாறோ சிறிது வேறுபட்டது; வேடிக்கைப் பேச்சின் நடுவே முதுகில் விழுந்த ஓர் அடியே காரணம் என்பது அது. செவிக்குச் செல்லும் நரம்பு மூளையினின்று நேரே புறப்படுவதாகலின், முதுகுக் கணுவைத் தள்ளுவதால் செவிடு நீங்கும் வழி யாதென அக்கால முதல் வைத்திய நூலார் வினவி வருகின்றனர். இவ்வினாவிற்குத் தெளிவான விடை கிடைத்திலது.

பால்மரோ ஐயங்கொள்ளவில்லை. நரம்பை நெருக்கும் கணுவே நோய்க்கு மூலம் என்றும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்கள் முதுகுக் கணுக்கள் பெயர்தலாலும் எஞ்சிய ஐந்தும் பிற மூட்டுகள் பெயர்தலாலும் உண்டாகின்றன என்றும் முடிவு கட்டினார். அவரிடம் சிகிச்சை பெற்றவரும் கிரேக்க மொழி வல்லவருமான சாமுவேல் வீட் என்னும் போதகர், கை என்றும் செயல் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைக் கூட்டி இம்முறைக்குப் பெயர் அமைத்துக் கொடுத்தார். தாம் கண்டதைத் தம்மோடு மறையவிடாது பிறர்க்கும் கற்பிக்க எண்ணிய பால்மர், 1897-ஆம் ஆண்டில் டேவன்போர்ட்டில் ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

அப்பள்ளியிற் படிப்பு எவ்வாறிருந்தது? இன்று நாம் கல்லூரி என்று கூறுங்கால் மனத்தில் தோன்றும் யாதும் அங்கே இல்லை. ஆசிரியர் ஒருவரே, அவரும் ஸ்தாபகரே. பாடம் நடந்த இடமும் நோயாளர் வந்த இடமும் ஒன்றே. சில மாதங்களிற் படிப்பு முடிந்துவிடும். மாணாக்கர் ஆசிரியர் அருகே நின்று, அவர் விரல்கள் முதுகின்மீது செல்லும் வகையை நோக்கி, பின் தம் விரலால் தேடிப் பார்த்துக் கற்றனர். விரலின் உணர்வைக் கூர்மையாக்குதற்கு இது நல்ல பயிற்சி என்பதில் ஐயமில்லை. ஆயின் ஆசிரியர் கூற்று மெய்யோ பொய்யோ என்று சோதித்தறியும் வழி ஒன்றும் அப்பயிற்சியிற் சேர்ந்திருக்கவில்லை. முதல் ஐந்தாண்டுகளிற் பட்டம் பெற்றோர் பதினைவரே. அவருள் ஒருவர் பால்மரின் மகனாகிய பார்ட்லெட் ஜோஷுவா பால்மர். அவர் 1902-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே தந்தை மேற்குக் கடற்கரைப் பகுதிக்குச் சென்றுவிட, இருபது வயதளவேயான மகன் பள்ளியின் பொறுப்பை ஏற்றார்.

தந்தை மீண்டு வந்தபின் துன்பம் தொடங்கிற்று. உத்தரவுச் சீட்டின்றி வைத்தியம் செய்ததாக 1906-ஆம் ஆண்டில் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 350 டாலர் அபராதம், கட்டத் தவறின் 105 நாட் சிறை எனத் தீர்ப்பாயிற்று. தாம் செய்தது குற்றமன்று என்னும் உறுதியால் பால்மர் அபராதம் செலுத்த மறுத்துச் சிறை புகுந்தார். இருபத்து மூன்று நாட்கள் கழிந்தபின் அபராதத்தைக் கட்டி வெளிவந்தார். அதன்பின் தந்தைக்கும் மகனுக்கும் ஒற்றுமை நிலைக்கவில்லை. பள்ளியிலிருந்த தம் பங்கை மகனுக்கே விற்றுவிட்டு அறுபத்தொரு வயதில் அவர் டேவன்போர்ட்டை விட்டு அகன்றார். தாம் நட்ட மரத்தின் நிழலில் தாமே இருத்தற்கில்லாத அந்நிலை எண்ணுந்தோறும் நம் உள்ளத்தை வருத்துவதாம்.

இக்காலத்தில் கைரோபிராக்டிக் கற்க டேவன்போர்ட்டுக்கு வந்த இளைஞன் ஒருவன் முன் இருவழிகள் கிடந்தன. ஒரு வழி பால்மர் பள்ளி. முதுகுக் கணுவைத் திருத்துதல் ஒன்றே போதும் என்பது அதன் கொள்கை. மற்றொரு வழியைத் திறந்தவர் ஜான் ஹவார்டு என்பார். அவர் பால்மர் பள்ளியிலேயே பயின்றவர். உடற்கூற்று நூல் முதலிய விஞ்ஞானப் பாடங்களை விரிவாகக் கற்பித்தல் வேண்டுமெனக் கருதி, 1906-ஆம் ஆண்டில் டேவன்போர்ட்டிலேயே தேசியப் பள்ளி என்னும் பெயரால் வேறொரு பள்ளியைத் தொடங்கினார். 1908-இல் அதனைச் சிக்காகோ நகருக்கு மாற்றினார். இவ்விரு போக்கினரும் தூயர் என்றும் கலப்பினர் என்றும் தம்முள் பெயரிட்டுப் பல்லாண்டுகள் வாதிட்டனர். இவ்வாறாக, எப்பள்ளியிற் சேர்வது என்னும் வினா, கட்டணத்தையும் காலத்தையும் பற்றிய வினாவாக மட்டும் நில்லாது, எதனை அறிவு என்று ஏற்பது என்னும் வினாவாயிற்று. அஞ்சல் வழியே பாடம் அனுப்பிப் பட்டம் வழங்கிய பள்ளிகளும் அக்காலத்து உண்டாகலின், ஆராயாது சேர்ந்தோர் பொருளும் காலமும் இழந்தனர்.

பால்மர் தம் இறுதி ஆண்டுகளில் ஓக்லஹோமாவிலும் போர்ட்லண்டிலும் புதிய பள்ளிகளைத் தொடங்கிப் பார்த்தார், அவை வேரூன்றவில்லை. 1910-ஆம் ஆண்டில் ஆயிரம் பக்கங்கள் கொண்ட பெருநூல் ஒன்றை வெளியிட்டு, மகனையும் ஏனைய ஆசிரியரையும் அதிற் கடுமையாகக் கண்டித்தார். உடலைப் பிறவி முதல் ஆளும் ஓர் உள்ளறிவு உண்டென்றும், அது கடவுளின் பேரறிவின் ஒரு கூறென்றும் அவர் கருதினார். தம் முறையை ஒரு மதமாக அமைத்தால் சட்டத்தின் பிடியினின்று தப்பலாம் என்னும் எண்ணமும் 1911-ஆம் ஆண்டளவில் அவருக்கு உண்டாயிற்று. மிஷன் கல்லூரியிற் பயிலும் நாம் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குதல் நலம். கடவுளிடத்து நம்பிக்கை வேறு. தம் கருத்தினிடத்து நம்பிக்கை வேறு. முன்னதன் போர்வையைப் பின்னதற்குப் போர்த்தினால் இரண்டும் கெடும்.

1913-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 20-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பால்மர் காலமானார். விஷ சுரமே காரணமெனப் பதிவாயிற்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன் டேவன்போர்ட்டில் நிகழ்ந்த ஊர்வலத்தில் மகனது மோட்டார் வண்டி மோதியதே காரணம் என்றொரு பேச்சு எழுந்தது, அது மெய்ப்பிக்கப்படவில்லை. அதே ஆண்டில் கான்சாஸ் மாகாணம் இத்தொழிலுக்கு உத்தரவுச் சீட்டு வழங்க முதன்முதற் சட்டம் இயற்றிற்று. சிறை சென்ற முதியவர் கண்மூடிய ஆண்டும், அவர் தொழில் முதன்முதற் சட்டத்தின் ஏற்பைப் பெற்ற ஆண்டும் ஒன்றாயின.

மகனார் காலத்திற் பள்ளி பெரிதும் வளர்ந்தது. அவர் மனைவியாராகிய மேபல் பால்மர் உடற்கூற்று நூல் கற்பித்ததோடு, 1918-இல் அதுபற்றி ஒரு நூலும் எழுதினார். முதல் உலகப் போருக்குப்பின் மாணாக்கர் ஆயிரக்கணக்கில் வந்தனர். முன்னரே 1910-ஆம் ஆண்டில் எக்ஸ்-கதிர்க் கருவியைப் பள்ளியிற் புகுத்தியபோது, விரலே போதுமென்ற ஆசிரியர் சிலர் பிரிந்து சென்றனர். 1924-ஆம் ஆண்டில் முதுகின் இருபுறத்து வெப்பத்தையும் அளப்பதாகிய கருவியொன்றைப் பெருந்தொகைக்கு வாடகையாகக் கொடுத்து, அதுவின்றித் தொழில் செய்தல் தகாது என்று மகனார் கூறவே, மூத்த ஆசிரியர் சிலர் அகன்று 1926-இல் இந்தியானாபொலிஸ் நகரில் லிங்கன் கல்லூரியை நிறுவினர். ஒருவர் சொல்லே பிரமாணமாக நடக்கும் கலாசாலையிற் கருத்து வேறுபட்டோர்க்கு வெளியேறுதலன்றி வேறு வழியில்லை என்பதற்கு இவை சான்றாம்.

பின்னர் நிலைமை மெல்ல மாறிற்று. 1974-ஆம் ஆண்டில் இக்கல்லூரிகளை மதிப்பிடும் குழுவை ஐக்கிய நாட்டுக் கல்வி அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டிலேயே எஞ்சியிருந்த லூசியானா மாகாணமும் உத்தரவுச் சட்டம் இயற்றிற்று. இந்நாளில் அங்குப் பயில்வோர் முன்னரே சில ஆண்டுகள் கல்லூரிக் கல்வி பெற்றிருத்தல் வேண்டும். அதன்மேல் 4,200 மணி நேரத்திற்குக் குறையாத பாடமும் பயிற்சியும் உண்டு. முதற் பகுதியில் உடற்கூறு, உடலியக்கம், இரசாயனம், நோய்க்கூறு ஆகியவற்றைக் கற்பர். சவங்களை அறுத்தும் காண்பர். மாணாக்கர் ஒருவர் முதுகில் ஒருவர் கைவைத்துப் பன்முறை பழகிய பின்னரே நோயாளரைத் தொடுவர். இறுதிப் பகுதியிற் கல்லூரியைச் சார்ந்த சிகிச்சைச்சாலையில் ஆசிரியர் மேற்பார்வையில் நோயாளரைப் பார்ப்பர். எந்நோயைத் தாம் தொடலாகாது, எவரை வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும் என்பதும் பாடத்தின் ஒரு பகுதி. சில மாதப் படிப்பினின்று இந்நிலை எய்துதற்கு முக்கால் நூற்றாண்டு சென்றது.

ஸ்தாபகரின் கொள்கை ஆராய்ச்சியில் என்னாயிற்று? எல்லா நோய்க்கும் கணுப்பெயர்ச்சியே மூலம் என்னும் கூற்று நிலைபெறவில்லை. இடுப்பு வலிக்கு இச்சிகிச்சை ஓரளவு பயன் தருவதாகச் சோதனைகளிற் கண்டு, 2017-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சங்கம் ஒன்று மருந்தில்லா வழிகளுள் ஒன்றாக இதனையும் சேர்த்தது. கழுத்தைத் திருப்பும் முறையில் அரிதாக இரத்தக் குழாய்க்குக் கேடு நேர்தல் கூடும் என்னும் எச்சரிக்கையும் உண்டு. பால்மர் நூற்றுக்கு நூறு என்று கோரியதில் ஒரு சிறு பகுதியே எஞ்சிற்று. அவ்வெஞ்சிய பகுதி உண்மையாய் நின்றது. ஆராய்ச்சி அவரை முற்றும் அழிக்கவுமில்லை; முற்றும் ஏற்கவுமில்லை.

வறுமையிற் பிறந்து, தானே கற்று, கொண்ட கொள்கைக்காகச் சிறையும் புகுந்த அம்முதியவரின் ஊக்கத்தை நாம் போற்றுகின்றோம். ஆயினும் ஊக்கம் உண்மைக்கு ஈடாகாது. கலாசாலை தேடும் நம் மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: அங்கே ஆசிரியரை வினவ இடமுண்டா, தவறெனக் கண்டதை விட்டொழிக்கும் வழக்கமுண்டா, கற்றதைக் கைப்பழக்கமாக்கத் தக்க மேற்பார்வையுண்டா, தன் கலையின் எல்லை இதுவென மாணவர்க்கு வெளிப்படையாகச் சொல்வதுண்டா என்று கேளுங்கள். இந்நான்கும் உள்ள இடம் சிறு கூரையின் கீழ் இருப்பினும் கல்லூரியே. இவையில்லா இடம் மாட மாளிகையாயினும், பட்டம் விற்கும் கடையே ஆகும்.