அய்யா சுமந்த சட்டி

பள்ளிகொண்டா, பாலாற்றங்கரை ஊர். படுத்திருக்கும் பெருமாளின் பெயரால் அமைந்த ஊர். அந்த ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு, படுக்க மறுத்த ஒரு கிழவரின் கதையைச் சொல்லப் போகிறோம். வேடிக்கைக்காக அல்ல, தோழர்களே! அந்த ஊரிலிருந்து கிழக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் வேலூர். தந்தை பெரியாரை நோய் வாட்டியபோதெல்லாம் தாங்கிப் பிடித்து, மீண்டும் மேடைக்கு அனுப்பிவைத்த மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. கடைசி முறை மட்டும் அதனால் அவரைத் திருப்பி அனுப்ப இயலவில்லை.

இந்தக் கதையை இப்போது எடுப்பானேன்? காரணம் இருக்கிறது.

பள்ளிகொண்டா, ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று தோல் தொழில் சோறு போடும் இந்த வட்டாரத்தில் கூட்டம் பேசப் போகிறோம். கூட்டம் முடிந்ததும் தோழர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். கூலி பற்றிப் பேசுகிறார்கள், போனஸ் பற்றிப் பேசுகிறார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு உடம்பைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு. ஒருவருக்கு நெஞ்சில் சளி, எக்ஸ்ரே, ஆறு மாத மருந்து. இன்னொருவருக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்திற்கு இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு வாசம். எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். நோய்கூடப் பழகிவிட்டதாம், மருந்துதான் சலித்துவிட்டதாம்! காலையில் இரண்டு, இரவில் இரண்டு, மாதம் ஒரு முறை வரிசை, அன்றைக்கு ஒரு நாள் கூலி போச்சு. எத்தனை ஆண்டு? சாகும் வரை! இது என்ன பிழைப்பு என்று மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு.

அந்தத் தோழர்களுக்காகத்தான் இந்தக் கதை.

1879 செப்டம்பர் 17இல் ஈரோட்டில் பிறந்தார் இராமசாமி. செல்வர் வெங்கடப்பரின் வீடு. பள்ளிப் படிப்பு சில ஆண்டுகள்தான். பிறகு மண்டி, கணக்கு, வாணிகம். ஊரில் பிளேக் நோய் பரவி, பெற்ற பிள்ளையைத் தொடவும் பெற்றோர் அஞ்சிய நாளில், செத்தவர்களின் உடலைச் சுமந்து சென்றவர் அவர். நோயைக் கண்டு ஓடாத குணம் அன்றே இருந்தது. காங்கிரசில் சேர்ந்தபோது கதர் மூட்டையைத் தோளில் தூக்கினார். 1924இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராடி இரு முறை சிறை சென்றார். 1925இல் ‘குடி அரசு’ தொடங்கினார். 1938இல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறை புகுந்து, பெல்லாரியிலும் கோவையிலும் அடைபட்டு, 1939 மே மாதம் வெளியே வந்தார். அப்போதே வயது அறுபதை நெருங்கியிருந்தது. பிறர் பேரனைக் கொஞ்சும் வயதில் அவர் புதிய போர்களைத் தொடங்கினார். 1944இல் சேலத்தில் திராவிடர் கழகம் பிறந்தது. இவையெல்லாம் தோழர்களுக்கு மனப்பாடம். நாம் சொல்ல வந்தது மனப்பாடம் ஆகாத பகுதியை.

முதுமை வந்தது. குடலிறக்கம் வந்தது. சிறுநீர் இயல்பாகப் பிரியாத தொல்லையும் வந்து சேர்ந்தது. இறுதி ஆண்டுகளில் ரப்பர்க் குழாய் வழியாகத்தான் சிறுநீர் வெளியேறியது. அது சேர்வதற்கு ஒரு கலம். அதைத்தான் மூத்திரச் சட்டி என்று நம் மேடைகளில் சொல்கிறோம்.

அந்தச் சட்டியைச் சொல்லாத பேச்சாளர் நம்மிடம் உண்டா? சட்டியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராய் வந்தார் என்போம், கை தட்டுவார்கள், கண் கலங்குவார்கள். தியாகத்தின் சின்னம் அது. மறுக்கவில்லை. ஆனால், தோழர்களே, அந்தச் சட்டிக்கு இன்னொரு பொருள் இருக்கிறது. அது சிகிச்சையின் சின்னம்! மருத்துவர் பொருத்திய குழாயைப் பிடுங்கி எறியாமல், ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் கூடவே வைத்திருந்த கட்டுப்பாட்டின் சின்னம்!

குழாய் என்றால் என்னவென்று தெரியுமா? ஒரு முறை வைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் அல்ல அது. சில வாரங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் வயிறு உப்பி உயிர் போகும் வலி. துப்புரவு தவறினால் கிருமி ஏறும், காய்ச்சல் நடுக்கும், சிறுநீரகம் வரை கேடு பரவும். படுத்தாலும் புரண்டாலும் நடந்தாலும் அது இருப்பதை உடம்பு மறக்காது. அதோடுதான் அவர் வேனில் ஏறினார். அதோடுதான் இரவுக் கூட்டங்களில் மணிக்கணக்கில் பேசினார். 1973 ஆகஸ்டில் தஞ்சையில் தோழர்கள் திரட்டி அளித்த புதிய வேனிலும் அதோடுதான் பயணம் செய்தார்.

வெட்கப்பட்டாரா? இல்லை. மேடையில் பக்கத்திலேயே கலம் இருந்தது. மூடி மறைக்கவும் இல்லை, காட்டி இரக்கம் தேடவும் இல்லை. கண் மங்கினால் கண்ணாடி. கால் தளர்ந்தால் கைத்தடி. சிறுநீர் பிரியாவிட்டால் குழாய். அவ்வளவுதான் கணக்கு! பூர்வ ஜென்ம வினை என்று புலம்ப அவருடைய பகுத்தறிவில் இடமில்லை. உடம்பு ஒரு இயந்திரம். பழுதுபட்டால் பழுது பார்ப்பவரிடம் போவது. அவர் தரும் கருவியைப் பயன்படுத்துவது.

இதில் வேலூரின் பங்கு பெரிது. 1900இல் ஐடா ஸ்கடர் என்ற அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவ நிலையம், வளர்ந்து வளர்ந்து இந்தியா முழுவதும் தேடி வரும் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆயிற்று. மதப் பற்றால் அந்த அம்மையார் எழுப்பிய மனைக்கு, மதங்களை எல்லாம் கேள்வி கேட்ட கிழவர் வைத்தியத்திற்குப் போனார். நோயாளிக்குத் திறமை வேண்டும். மருத்துவருக்கு நோயாளியின் நலம் வேண்டும். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை.

இன்னொரு பங்கும் வேலூருக்கு உண்டு. மணியம்மையார் வேலூர்க் கனகசபையின் மகள். இயற்பெயர் காந்திமதி. பக்கத்துக் குடியாத்தத்தில் வாழ்ந்த அண்ணல் தங்கோ அவருக்கு அரசியல்மணி என்று பெயர் மாற்றினார். அய்யாவுக்குத் தொண்டு செய்ய வந்தவர், 1949இல் அவரை மணந்தார். அந்த மணத்தைச் சுற்றி எழுந்த புயலை நாம் இங்கே விரிக்கப் போவதில்லை. அம்மையாரின் கைகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். உணவு பார்த்துக் கொடுத்த கை. மருந்து எடுத்துத் தந்த கை. குழாயைப் பேணிய கை. கலத்தைக் கழுவிய கை. அய்யா சட்டியைச் சுமந்தார் என்கிறோமே, பாதிச் சுமை அந்தக் கைகளில் இருந்தது! தனி மனிதரின் மனவலிமையால் மட்டும் நீண்ட நோயைத் தாங்க முடியும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அய்யாவாலேயே முடியாதது அது.

சலிப்பே வராத இரும்பு மனிதரா அவர்? அதையும் நம்பாதீர்கள். 1968இல், தொண்ணூறை எட்டும் தறுவாயில், பிறந்தநாள் மலரில் மனச்சோர்வோடு எழுதினார். துறவியாகிவிடலாமோ என்ற எண்ணம் கூட அதில் எட்டிப் பார்த்தது. துறவை எள்ளி நகையாடிய மனிதர்! சோர்வு அவரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. அவர் அதை ஒளிக்கவில்லை. தம் தொண்டர்கள் படிக்கும் ஏட்டிலேயே அச்சில் ஏற்றினார்.

அதைப் படித்தவர் யார் தெரியுமா? கடல் கடந்து நியூயார்க் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த அண்ணா! முதலமைச்சர் அண்ணா. உணவுக்குழாயில் புற்று, பெரிய அறுவை, தமக்கே நாள் எண்ணப்படும் நிலை. பதினெட்டு ஆண்டுப் பிரிவுக்குப் பின் 1967இல்தான் மீண்டும் நெருங்கிய ஆசானும் மாணவரும் அவர்கள். அண்ணா தம் வேதனையை ஒதுக்கி வைத்துவிட்டு அய்யாவுக்குக் கடிதம் எழுதினார். அந்த எழுத்து தம்மை வருத்தியதைச் சொன்னார். தம் வாழ்நாளிலேயே இத்தனை வெற்றியைக் கண்ட சமுதாயச் சீர்திருத்தவாதி வேறு எவரும் இல்லை என்பதை எடுத்துக் காட்டினார். ஆகவே சோர்வு கொள்ளத் தேவையில்லை என்று தேற்றினார்.

நோயாளி நோயாளிக்கு எழுதிய கடிதம். எண்ணிப் பாருங்கள்! அதில் வைத்திய யோசனை இல்லை; அறிவுரை இல்லை; மிரட்டல் இல்லை. உங்கள் உழைப்பு வீண் போகவில்லை என்ற சேதி இருந்தது. அதுவும் ஒரு மருந்து, தோழர்களே. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத மருந்து.

1969 பிப்ரவரி 3இல் அண்ணா மறைந்தார். இளையவரை இழந்த முதியவர் மீண்டும் பயணம் புறப்பட்டார். இன்னும் ஏறத்தாழ ஐந்தாண்டுகள்! அவர் வாழ்நாளில் சுற்றிய தொலைவு 8,20,000 மைல், பேசிய கூட்டங்கள் 10,700 என்று இயக்கத்தார் கணக்கிட்டுச் சொல்வார்கள். அந்தக் கணக்கின் கடைசி ஏடுகள் குழாயோடு எழுதப்பட்டவை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஓய்வு என்ற மருந்தை மட்டும் அவர் ஏற்கவில்லை. 1973 டிசம்பர் 8, 9 தேதிகளில் சென்னையில் தமிழர் சமுதாய இழிவு ஒழிப்பு மாநாடு நடத்தினார். டிசம்பர் 19இல் தியாகராய நகரில் பேசினார். பேச்சின் நடுவே வலி பொறுக்காமல் முனகினார், நிறுத்தினார், மீண்டும் தொடர்ந்தார். அதுவே கடைசிப் பேச்சு. மறுநாள் சென்னைப் பொது மருத்துவமனை. அங்கிருந்து வேலூர். டிசம்பர் 24 காலை, 94 ஆண்டு 3 மாதம் 7 நாள் வாழ்ந்த உயிர் அடங்கியது. உடல் சென்னைக்குத் திரும்பி, 25ஆம் நாள் பெரியார் திடலில் அடக்கம் செய்யப்பட்டது.

ஓய்வை மறுத்ததையும் பின்பற்றுவோம் என்று எந்தத் தோழரும் கிளம்ப வேண்டாம். தொண்ணூற்று நான்கு வயதில், மிச்ச நாளை எதற்குச் செலவிடுவது என்று தேர்ந்துகொண்டவர் அவர். நாற்பது வயதில், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளோடு, ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் தோழரின் கணக்கு வேறு. அய்யாவிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சட்டியை!

மருந்துச் சலிப்பு சோம்பேறியின் குணம் அல்ல. நோயைவிட நீளமாக வைத்தியம் நீளும்போது எவருக்கும் வருவது. இதை மருத்துவ உலகம் நம் சென்னையிலேயே கற்றுக்கொண்டது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. மருத்துவமனையில் படுத்து மருந்து தின்றவர்களையும், குடிசையில் இருந்தபடி மருந்து தின்றவர்களையும் ஒப்பிட்டார்கள். வீட்டில் இருந்தாலும் மருந்து வேலை செய்கிறது என்று 1959இல் உலகுக்குக் காட்டினார்கள். ஆனால் தின்றால்தானே வேலை செய்யும்? இருமல் நின்றதும் நலம் வந்துவிட்டதென்று மருந்தை நிறுத்துவது மனித இயல்பு. அதனால் வீடு தேடிப் போனார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு, ஒருவர் கண் முன்னே மாத்திரையை விழுங்கச் செய்யும் முறை வந்தது. ஓராண்டு மருந்து, காலப்போக்கில் ஆறு மாத மருந்தாகச் சுருங்கியது. அந்த ஆறு மாதத்தில் இரண்டாம் மாதமே நிறுத்தினால், சாகாமல் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காத முரட்டுக் கிருமியாகித் திரும்பி வரும். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இன்னும் தந்திரமானவை. வலிக்காது. ஓசைப்படாமல் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் அரித்துவிட்டு, ஒரு நாள் சேர்த்து வட்டி கேட்கும்.

ஆகையால் சலிப்பு வந்த தோழர் முதலில் செய்ய வேண்டியது, அய்யா செய்ததுபோல் அதைச் சொல்வது. மருத்துவரிடமே சொல்லுங்கள். நான்கு வேளையை இரண்டு வேளையாக்க முடியுமா, வயிற்றைப் புரட்டும் மாத்திரைக்கு மாற்று உண்டா என்று கேளுங்கள். கேட்பது குற்றமல்ல, உரிமை! சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுப் படிக்கே கொண்டு வரும் திட்டம். வரிசையில் நின்று கூலி இழக்கும் தொல்லையைக் குறைக்க வந்தது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கிளைக் கழகத் தோழர்களுக்கும் ஒரு சொல். உங்கள் தெருவில் மருந்தை நிறுத்திவிட்ட ஒருவர் இருக்கிறார். திட்டாதீர்கள். அவருக்கு அறிவுரை மலிவாகக் கிடைக்கிறது, ஆள்தான் கிடைக்கவில்லை. டயாலிசிஸ் நாளில் உடன் போக ஒருவர், மாத்திரை வாங்கி வர ஒருவர், மாலையில் வந்து அரை மணி பேசிவிட்டுப் போக ஒருவர். கொடி கட்டவும் சுவரொட்டி ஒட்டவும் ஆள் சேர்க்கத் தெரிந்த நமக்கு இது முடியாதா? மணியம்மையார் செய்தது அதுதான். நியூயார்க் படுக்கையிலிருந்து அண்ணா செய்ததும் அதுதான்.

அடுத்த முறை மேடையில் அய்யாவின் சட்டியைப் பற்றி எவரேனும் பேசக் கேட்டால், கை தட்டுங்கள். தட்டிவிட்டு வீட்டுக்குப் போய், இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுங்கள்.