கோர்ட்டு கொடுத்த மகன்

'மூன்று போர்வீரர்கள்' என்ற கதை உலகப் புகழ் பெற்றது. அதை எழுதியவர் அலெக்சாந்தர் டூமா. பிரான்சு நாட்டுக்காரர்.

இந்தப் பெரிய எழுத்தாளர் ஒரு சிறுவனுக்காக வழக்காடினார். அந்தச் சிறுவன் அவருடைய சொந்த மகன்! எதிர்த்து நின்றவள், அவனைப் பெற்ற தாய்!

அடிமையின் பேரன்

டூமா 1802-ம் ஆண்டு பிறந்தார். அவருடைய தகப்பனார் ராணுவத் தளபதி. அந்தத் தளபதியைப் பெற்றவள் ஓர் அடிமைப்பெண். இன்று ஹைத்தி என்று அழைக்கப்படும் நாட்டில் இருந்தவள். தளபதியின் தகப்பனோ பிரெஞ்சுப் பிரபு. பெற்ற மகனையே பணத்துக்காக விற்று, பிறகு மீட்டுக்கொண்டவர் அந்தப் பிரபு!

தளபதி 1806-ல் இறந்துபோனார். அப்போது டூமாவுக்கு வயது 3. குடும்பத்தை வறுமை வாட்டியது.

1823-ல் டூமா பிழைப்புத் தேடி பாரிஸ் நகருக்குப் போனார். அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் ஓர்லியன் பிரபுவின் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஆண்டுக்குச் சம்பளம் 1,200 பிராங்கு.

பக்கத்து அறைப் பெண்

டூமா குடியிருந்த வீட்டில், பக்கத்து அறையில் ஒரு பெண் இருந்தாள். பெயர் காதரின் லபே. துணி தைத்துப் பிழைத்து வந்தாள். டூமாவைவிட வயதில் மூத்தவள்.

இருவரும் காதலித்தார்கள். 1824-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி ஆண் குழந்தை பிறந்தது. அவனுக்கும் அலெக்சாந்தர் என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் கல்யாணம் நடக்கவில்லை. பிறப்புப் பதிவேட்டில் தகப்பன் பெயர் எழுதப்படவில்லை.

குழந்தை தாயிடம் வளர்ந்தான். ஊசியும் நூலும்தான் அவர்களுக்குச் சோறு போட்டன.

1829-ல் டூமாவின் நாடகம் ஒன்று அமோக வெற்றி பெற்றது. பணமும் புகழும் வந்து குவிந்தன. அவர் வேறு வீட்டில் வாழ்ந்தார். ஒரு நடிகையுடன் பழகினார். 1831 மார்ச் மாதம் அந்த நடிகைக்குப் பெண் குழந்தை பிறந்தது. டூமா உடனே போய், அது தன் குழந்தை என்று பதிவு செய்தார்.

பிறகு மகனைப் பற்றியும் எண்ணினார். மார்ச் 17-ந் தேதி, அவனும் தன் பிள்ளையே என்று சட்டப்படி எழுதிக் கொடுத்தார். அப்போது பையனுக்கு வயது ஆறரை!

முந்தியவர் யார்?

அக்காலத்துப் பிரெஞ்சுச் சட்டம் விசித்திரமானது. கல்யாணம் ஆகாமல் பிறந்த குழந்தைக்குத் தகப்பன் யார் என்று கோர்ட்டில் கேட்க முடியாது. தகப்பனாக வந்து ஒப்புக்கொண்டால்தான் உண்டு. ஆனால் ஒப்புக்கொண்டுவிட்டால், அவருக்கு உரிமை வந்துவிடும்!

பெற்ற தாய்க்கும் சட்டம் சலுகை காட்டவில்லை. பிறப்புப் பதிவில் அவள் பெயர் இருந்தால் மட்டும் போதாது. இது என் பிள்ளை என்று அவளும் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆறு வருடம் கண்ணை இமை காப்பதுபோல் வளர்த்த காதரினுக்கு இது தெரிந்திருக்குமா? ஏப்ரல் 21-ந் தேதிதான் அவள் போய் எழுதிக் கொடுத்தாள். டூமா ஒரு மாதம் முந்திவிட்டார்!

வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. தீர்ப்பு தகப்பனுக்குச் சாதகமாக இருந்தது. கதறினாலும் பயன் இல்லை. சிறுவன் தாயைப் பிரிந்தான். விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டான்.

ஆறாத காயம்

டூமா மகனை வெறுக்கவில்லை. நன்றாகப் படிக்க வைக்க விரும்பினார். தாராளமாகச் செலவு செய்தார். ஆனால் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் அவன் பிறப்பைச் சொல்லிக் கேலி செய்தார்கள். அவன் தாயை இழிவாகப் பேசினார்கள். அந்தக் காயம் கடைசிவரை ஆறவில்லை.

1840-ல் டூமா வேறொரு நடிகையைக் கல்யாணம் செய்துகொண்டார். மாற்றாந்தாய்க்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் வயது ஏற ஏறத் தகப்பனும் மகனும் நண்பர்கள்போல் ஆனார்கள். 1846-ல் இருவரும் ஸ்பெயினுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் சேர்ந்து பயணம் போனார்கள்.

மகனும் எழுத்தாளர் ஆனார். பெயர் ஒன்றே என்பதால், 'பெரிய டூமா', 'சின்ன டூமா' என்று பிரித்துச் சொன்னார்கள். கல்யாணம் ஆகாமல் பிறந்த மகனையே கதாநாயகனாக வைத்து, சின்ன டூமா 1858-ல் நாடகம் எழுதினார். தகப்பன் யார் என்று கோர்ட்டில் கேட்கும் உரிமை பிள்ளைகளுக்கு வேண்டும் என்று 1883-ல் நூல் எழுதி வாதாடினார். அவர் 1895-ல் மறைந்தார். அந்த உரிமையை அளிக்கும் சட்டம் 1912-ல் பிரான்சில் வந்தது.

மகன் வீட்டில்

காதரின் 1868-ல் காலமானாள். பெரிய டூமா சம்பாதித்ததை எல்லாம் செலவழித்துவிட்டார். உடல் தளர்ந்தது. 1870-ல், கடற்கரையில் இருந்த மகன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். டிசம்பர் 5-ந் தேதி அங்கேயே உயிர் பிரிந்தது.

1831-ல் கோர்ட்டு அவருக்கு மகனைக் கொடுத்தது. கடைசிக் காலத்தில் அவரைத் தாங்கியது கோர்ட்டுத் தீர்ப்பு அல்ல. மகனின் அன்பு!