பிரித்துப் பார்த்துப் படித்த மேதை

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்த மோட்டார் சைக்கிள்தான் பிடித்தது. அதை வாங்க வேண்டுமென்றே கோவையில் ஓட்டல் வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, திரும்பவும் பூட்டினார். அதுவே அவருக்குக் கல்லூரி!

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டார். அது பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

மின்சார மோட்டாரைக் கண்டுபிடித்தவர் அவரல்ல. மேல்நாட்டில் அது ஏற்கெனவே இருந்தது. ஆனால் கப்பலில் வரும் மோட்டாருக்குக் காத்திராமல், 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து கோவையிலேயே செய்து காட்டினார். பின்னாளில் மோட்டாருக்கும் பம்புக்கும் கோவை பெயர் பெற்றது. சவரக் கருவியில் தம் சொந்த யோசனையையும் புகுத்தினார்.

பார்த்துச் செய்வது இழிவல்ல. பார்த்ததோடு நின்றுவிடுவதுதான் குறை. 1974-ல் மறைந்த நாயுடுவின் வாழ்க்கை சொல்வது இதுதான். கொச்சங்காடிப் பட்டறையில் ஸ்பானர் பிடிக்கும் நம் தம்பிகளுக்கும் இது பொருந்தும்.